கை வராத நாளில் கத்திரி

தை பிறந்து நாலாம் நாள் ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு ஜாக்கெட்டுக்கு ரெண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவிட்டேன். 19 வருஷமாகப் பாளையங்கோட்டையில் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுத் தைக்கிறேன், என்னிடம் தொழில் பழகிவிட்டுப் போன பிள்ளைகளே நாலைந்து பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் முதல் வாரத்தில் சொல்லித் தருகிற பாடமே இதுதான்.

தைக்கிறவர்கள் இதற்குள் தலையில் கை வைத்திருப்பார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஜாக்கெட் கையின் முன்பக்க வளைவு கொஞ்சம் உள்வாங்கி இருக்கும், பின்பக்கம் அந்த அளவுக்குக் குழிவு இருக்காது. துணியை ரெண்டாக மடித்துப் போட்டு வெட்டினால் வலதும் இடதும் தானாக வந்துவிடும். அன்றைக்கு வந்த துணியில் கைக்கு வைக்க வேண்டிய பெரிய பார்டர் ஒரே ஓரத்தில்தான் இருந்தது, மடிக்க இடமில்லை, ரெண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுத்தான் வெட்ட வேண்டும். அப்படி வெட்டும்போது ஒரு கையை வரைந்ததும் கை அளவுக்கு வெட்டி வைத்திருக்கிற அட்டையைக் குப்புறத் திருப்பிப் போட்டு அடுத்ததை வரையணும். நான் திருப்பவில்லை. அப்படியே தள்ளி வைத்து வரைந்து, வெட்டி, எடுத்து அடுக்கும்போதுதான் பார்க்கிறேன், ஒன்றின் மேல் ஒன்று அச்சு அசலாக உட்காருகிறது. சாதா காட்டன் என்றால் உள்பக்கத்தை வெளியே திருப்பிச் சமாளிக்கலாம். ஜரிகையில் அது நடக்காது, பின்பக்கம் நூலெல்லாம் தெரியும். வேறு துணியும் கிடையாது, சேலையோடு வந்த பீஸ் அது.

கத்திரியை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன், தூக்கம்தான் வந்தது. எனக்குப் பயமானது அப்போதுதான்.

இது எங்கே ஆரம்பித்தது என்றால் தீபாவளியில். எங்கள் தொழிலுக்கு முதலாளி கிடையாது, ஆனால் காலண்டர் உண்டு. மே, ஜூனில் பள்ளிக்கூட யூனிஃபார்ம். ஆடியில் ஈ ஓட்டலாம். ஆவணியில் முகூர்த்தம் ஆரம்பிக்கும். பாளையில் தசராவுக்கு அம்மன் சப்பரமெல்லாம் வீதி சுற்றி வருகிற நேரத்திலேயே தீபாவளித் துணி வந்து குவியத் தொடங்கிவிடும், அதிலிருந்து தீபாவளிக்கு முந்தின ராத்திரி வரைக்கும் எங்கள் வீட்டில் யாருக்கும் முன்னறை கிடையாது. இந்தத் தடவை கடைசிப் பத்து நாளும் படுக்கும்போது ராத்திரி ரெண்டு மணி. என் மகளுக்கு எடுத்த துணி தைக்காமல் பீரோவிலேயே கிடந்தது. (தையல்காரி வீட்டுப் பிள்ளைக்கு ரெடிமேட்தான். எல்லாத் தையல் வீட்டிலும் உள்ள கதை இது.)

தீபாவளி முடிந்து மூச்சு விடலாம் என்று இருந்தபோது கார்த்திகை மழையோடு காய்ச்சல் வந்தது. முதல் நாள் காய்ச்சல், மறுநாள் கணுக்கால், அதற்கு மறுநாள் விரல் மொளி அத்தனையும். ரத்தம் பார்த்துச் சிக்குன்குனியா என்றார்கள். 2006இல் அது தமிழ்நாடு முழுக்கப் பரவினபோது அம்மாவுக்கு வந்தது, அப்போது அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்ததைப் பார்த்து நானும் தம்பியும் சிரித்திருக்கிறோம். அந்தப் பாவம்தான் போலிருக்கிறது. அந்தப் பெயரே ஆப்பிரிக்காவில் தான்சானியா பக்கத்து மகொண்டே மொழிச் சொல்லாம், 1952இல் அங்கேதான் முதலில் இந்த நோயைக் கண்டு எழுதினார்களாம், வளைந்து கோணிப்போவது என்று அர்த்தம். தையல்காரி ஏற்கெனவே வளைந்துதான் இருக்கிறாள், இதில் இது வேறு.

காய்ச்சல் ஒரு வாரத்தில் இறங்கிவிட்டது. மூட்டு இறங்கவில்லை. நிலவேம்புக் கஷாயம் குடித்தேன், அத்தை உளுந்தங்களி கிண்டி நல்லெண்ணெயை ஊற்றி ஊற்றித் தந்தார்கள், மாத்திரையும் தின்றேன். காலையில் எழுந்தால் பல் தேய்க்கிற பிரஷ்ஷைப் பிடிக்க விரல் மடங்காது. பத்து, பத்தரை மணிக்கு மேலேதான் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழும். மெஷினுக்கு மோட்டார் வைத்திருக்கிறேன், மிதிக்கிற பாடு இல்லை, ஆனாலும் பெடலில் பாதத்தை வைத்து அழுத்தினால் கணுக்காலில் சுருக்கென்று ஒரு குத்து. மூன்று வாரம் மெஷின் மேல் போர்வையைப் போட்டு மூடி வைத்திருந்தேன். அந்த மூன்று வாரத்துக்கும் வருமானம் சுத்தமாகக் கிடையாது. தையல் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறது, பிள்ளை படிப்புக்கு உதவி, 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம் என்று அதில் சில வழிகள் உண்டு, காய்ச்சலில் படுத்த நாள் கூலிக்கு அதில் கேட்க முடியாது. சரி, தெரிந்து வந்த தொழில்தான்.

நல்லவேளையாக மார்கழி. முகூர்த்தம் இல்லாத மாதம், அதனால் நான் படுத்திருந்தது ஊருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் மார்கழி முடிகிறபோது வலி முக்கால்வாசி போயிருந்தும் நான் மெஷினிடம் போகவில்லை, இதைத்தான் உட்கார்ந்து எழுத வந்தேன். குளிக்கிறேன், சமைக்கிறேன், மகளைப் பள்ளிக்கு அனுப்புகிறேன், முன்னறைக் கதவுப் பக்கம் போனால் மட்டும் உடம்பு கனக்கிறது. "படுத்தே பழகிட்டு ஒனக்கு" என்று வீட்டுக்காரர் சொன்னார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாதி உண்மை என்பதால் ரொம்பவே வந்தது.

அதற்குள் தைக்கு வேண்டிய துணிகள் வந்துவிட்டன. நோட்டில் எண்ணினேன், 22 பேர், 31 ஜாக்கெட், ரெண்டு பாவாடை சட்டை, சுடிதார் நாலு. வாங்கி வாங்கி வைத்தேனே தவிர ஒன்றையும் தொடவில்லை. போன் அடித்தால் எடுக்கப் பயம். எடுத்தால், "எக்கா, துணி எப்பம் கிடைக்கும்?" "நாளைக்கு வாங்க." அடுத்த நாளும் "நாளைக்கு". இந்த 'நாளைக்கு' தையல்காரர்களின் குலப்பொய், எல்லோருக்கும் தெரியும், கேட்கிறவர்களுக்கும் தெரியும். ஆனால் நான் முன்பெல்லாம் ஒரு நாள், ரெண்டு நாளைக்குத்தான் சொல்வேன். இந்தத் தடவை பத்து நாள் சொன்னேன். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அந்தத் துணிக் குவியல் இன்னும் ஒரு சாண் உயர்ந்த மாதிரி இருக்கும், அதைப் பார்த்தால் போய் இன்னொரு தடவை படுக்கலாம் என்றே தோன்றும்.

2023 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பார்த்தேன். 17, 18 தேதிகளில் விடாமல் கொட்டித் தாமிரபரணி ஏறி, கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை, சிந்துபூந்துறை என்று ஆற்றை ஒட்டின இடமெல்லாம் தண்ணீர். எங்கள் தெரு மேடு, வீட்டுக்குள் வரவில்லை, ஆனாலும் கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை, பால் இல்லை. நான் கடைசி நேரத்தில் தைத்துக் கொடுத்த ரெண்டு ஜாக்கெட் ஒரு வீட்டில் பீரோவோடு நனைந்தே போனது. அப்போதும் வேலை நின்றதுதான். ஆனால் பத்தே நாளில் மறுபடி உட்கார்ந்துவிட்டேன், பெரிய முயற்சி ஒன்றும் எடுத்ததாக ஞாபகமே இல்லை. ஏன் என்று இப்போது யோசித்தால், அன்றைக்கு ஊரே நின்றது, ஊரே எழுந்தது. எதிர்த்த கடைக்காரர் ஷட்டரைத் தூக்குகிற சத்தம் கேட்டது, நானும் போர்வையை எடுத்தேன். இந்தத் தடவை ஊருக்கு ஒன்றும் ஆகவில்லை. பஸ் ஓடுகிறது, பள்ளிக்கூட மணி அடிக்கிறது, நான் ஒருத்தி மட்டும் நின்றுவிட்டேன். சம்பளத்துக்குப் போகிறவர்களுக்கு லீவு முடிகிற தேதி என்று ஒன்று இருக்கும். எனக்கு அதை யாரும் போட்டுத் தரவில்லை.

வீட்டில் இருந்தபடி வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு, வேலை செய்யாத நாளில் வேலை செய்யவில்லை என்று யாருக்கும் தெரியாது, வேலை செய்கிற நாளில் வேலை செய்கிறாள் என்றும் யாரும் நினைப்பதில்லை. மைனி வருவார்கள். "வீட்லதான இருக்க, இந்தத் திரைக்கு ஒரு ஓரம் அடிச்சுத் தாயேன்." பத்து நிமிஷ வேலைதான். அந்தப் பத்து நிமிஷத்துக்கு நூல் மாற்றி, அடிநூல் சுற்றின பாபின் மாற்றி, காப்பி போட்டு, கதை பேசி, மணி பன்னிரண்டு.

பொங்கல் கழிந்ததும் ஒரு வெறி வந்தது. யூடியூபில் ஒரு அண்ணன், நான் பேர் சொல்லவில்லை, காலை நாலரைக்கு எழுந்தால் வாழ்க்கையே மாறும் என்கிறார். மகளின் ரஃப் நோட்டில் பேப்பர் கிழித்து அட்டவணை போட்டேன். நாலரை எழுவது, ஐந்துக்கு நடை, ஆறு முதல் ஒன்பது வரை கட்டிங், அப்புறம் சமையல், பத்து முதல் ஒன்று வரை தையல், மதியம் ரெண்டு முதல் ஆறு தையல், ராத்திரி கைவேலை. கலர் பேனாவில் கோடு போட்டுச் சுவரில் ஒட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதன்படி முதல் நாள் காலை ஆறு மணிக்கு எடுத்த முதல் துணிதான் அந்தக் கல்யாணப் பட்டு.

அப்புறம் நான் செய்தது இன்னும் மோசம். யாரிடமும் சொல்லவில்லை. வெட்டின மிச்சத்தில் ஒரு சின்னத் துண்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன், அதே நிறத்தில் பட்டு கிடைக்குமா என்று திருநெல்வேலி டவுன் ரத வீதிக் கடைகளில் தேட. பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ் என்பதால் போகிற செலவு மட்டும் மிச்சம். கொக்கிரகுளம் தாண்டிச் சுலோச்சன முதலியார் பாலத்தில் ஏறும்போது வண்டி நெரிசலில் நின்றுவிட்டது. 1843இல் தன் கைக்காசைப் போட்டு ஊருக்கு இந்தப் பாலத்தைக் கட்டிக் கொடுத்திருக்கிறார் மனுஷன். நான் என் கைக்காசைப் போட்டு அரை மீட்டர் பட்டு வாங்கப் போய்க்கொண்டிருந்தேன். கீழே ஆறு வெயிலில் பளபளவென்று கிடந்தது, எனக்கு அதில் எந்தச் சந்தோஷமும் இல்லை.

ஆறு கடை ஏறி இறங்கினேன். அரக்கு என்றால் ஒரே அரக்கா? கடைக்குள் லைட்டில் பொருந்தும், வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் காட்டினால் ஒன்று கத்தரிப்பூப் பக்கம் போகும், இன்னொன்று செங்கல் பக்கம் போகும். கடைசியில் ஓரளவு சேர்ந்த ஒன்றை 480 ரூபாய் கொடுத்து வாங்கினேன், அந்த ஜாக்கெட்டுக்கு என் கூலி 350. வீட்டுக்கு வந்து சேலையோடு வைத்துப் பார்த்தால் சேரவில்லை. "டவுனுக்குப் போனியே, அல்வா வாங்குனியாம்மா?" என்கிறாள் மகள்.

ராத்திரி எட்டு மணிக்குப் பெண்ணின் அம்மாவுக்குப் போன் போட்டேன். அந்த அக்கா என்னிடம் பதினைந்து வருஷமாகத் தைக்கக் கொடுக்கிறவர்.

"எக்கா, ஒரு தப்பு நடந்துபோச்சு. கைய மாத்தி வெட்டிட்டேன்."

"அய்யோ, யாரு கையட்டி வெட்டுன?"

அவர் அடுப்படியில் நின்றிருக்கிறார், குக்கர் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்திருக்கிறது. நான் விளக்கிச் சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் போனைக் கல்யாணப் பெண் வாங்கினாள். "ஆன்ட்டி, அந்த பார்டர் நல்லாத்தான இருக்கு? அத மட்டும் எடுத்து அடியில வச்சு, மேல நெட்டுத் துணி வச்சிருங்க. இப்பம் அதான ஓடுது." மூன்று நிமிஷத்தில் முடிந்துவிட்டது. நான் ஒரு நாள் முழுக்க ஊர் சுற்றினேன். அந்த அரை மீட்டர் அரக்குப் பட்டு இப்போதும் பீரோவில்தான் இருக்கிறது, யாருக்காவது பொருந்தினால் சொல்லுங்கள்.

மறுநாள் சமாதானபுரத்துக்குப் போனேன், எனக்குத் தொழில் சொல்லித் தந்த அக்காவைப் பார்க்க. அவர்களுக்கு எழுபது நெருங்குகிறது, கண் ஆபரேஷன் ஆனபிறகு மெஷின் தொடுவதில்லை, வாசலில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களின் ஜாக்கெட்டில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் கேட்டார்கள்.

"நீ எப்பம் வெட்டுன?"

"காலைல ஆறு மணிக்கு."

"காலைல வெரலு மடங்கலன்னு இப்பம்தான சொன்ன?"

"ஆமா."

"பெறவு எதுக்குட்டி கத்திரிய எடுத்த?"

பதில் இல்லை என்னிடம். அக்கா காப்பி போட்டுக்கொண்டு வந்து தந்துவிட்டு, தச்சதப் பிரிச்சிரலாம், வெட்டுனத ஒட்ட முடியுமா என்று எங்களுக்கு அந்தக் காலத்தில் சொன்னதையே மறுபடி சொன்னார்கள். அப்போதுதான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. நான் அங்கே பழகின ரெண்டு வருஷமும் அக்கா செவ்வாய்க்கிழமை புதுத்துணியில் கத்திரி வைக்க மாட்டார்கள். கேட்டால், "செவ்வாக்கெழம ஆகாது". அன்றைக்கு முழுக்க ஊக்கு, ஓரத்தை மடித்துத் தைக்கிற எம்மிங், நூல் வெட்டுவது, அயர்ன். நாங்கள் அதைச் சாஸ்திரம் என்று நினைத்தோம், பின்னால் நான் தனியாகத் தொழில் தொடங்கினபோது அதையெல்லாம் விட்டுவிட்டேன். இப்போது கேட்டதற்குச் சிரிக்கிறார்கள். "சாஸ்திரமும்தான். அப்படிச் சொன்னாத்தான ஒருத்தியும் அவசரம்னு வந்து நிக்க மாட்டா? ஒரு நாளு தலைக்கு ரெஸ்ட்டு வேண்டாமா?"

அடப்பாவி அக்கா.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். அட்டவணையைக் கிழித்துப் போட்டேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும், கிழிக்கவில்லை, அதன் பின்பக்கத்தில்தான் கணக்குப் போட்டேன். 22 பேருக்கும் ஒவ்வொருவராகப் போன். எனக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது, ஒரு நாளைக்கு நாலு ஜாக்கெட்டுக்கு மேல் முடியாது, உங்களுடையது இந்தத் தேதி, அவசரம் என்றால் துணியை வாங்கிக்கொள்ளுங்கள், கோபம் இல்லை. ஏழு பேர் வாங்கிக்கொண்டு போனார்கள். அதில் ரெண்டு பேர் இனி வரமாட்டார்கள் என்று முகத்திலேயே தெரிந்தது. ஒருத்தர் வாசலில் நின்றபடியே பத்து நாளாக ஏன் ஏமாற்றினாய் என்று கேட்டார், கேட்க வேண்டியதுதான். மற்ற பதினைந்து பேரும் "மெதுவா தாங்கக்கா" என்றார்கள். முகூர்த்தம் தள்ளி இருந்தவர்கள்தான், ரொம்பப் பெருந்தன்மை என்று சொல்லிவிட முடியாது. ஏழு பேர் துணி போனதும் குவியல் ஒரு கட்டைப் பைக்குள் அடங்கிவிட்டது. அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

காலையில் விரல் மடங்காது என்பதை வியாதி என்று வைத்துக்கொண்டு நாளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன், அதை ஒரு வேலை நேரம் மாதிரி எடுத்துக்கொண்டு பார்த்தேன். விரல் மடங்காமல் என்ன செய்ய முடியும்? ஜாக்கெட்டுக்கு உள்ளே வைக்கிற லைனிங் துணியைத் தண்ணீரில் முக்கி அலசிக் காயப்போடலாம், தைத்தபிறகு சுருங்காமல் இருக்க எப்படியும் அதைச் செய்தாக வேண்டும். முன்பு ராத்திரி பச்சைத் தண்ணீரில் போட்டுவிட்டுப் படுப்பேன். இப்போது காலையில் வெதுவெதுப்பான வெந்நீரில் போட்டு நானே கை விட்டு அலசுகிறேன். துணிக்கு ஆகிற மாதிரி விரலுக்கும் ஆகிறது. அரை மணி நேரத்தில் ஏழெட்டு லைனிங் கொடியில் கிடக்கும், விரலும் நெகிழ்ந்திருக்கும். சமையல் முடித்து, எல்லோரையும் அனுப்பிவிட்டு, பதினொன்றிலிருந்து ஒன்று வரை மட்டும் கத்திரி. நாலு துணி. ஐந்தாவது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் எடுப்பதில்லை. ஒன்று அடித்ததும் கத்திரியை உறைக்குள் போட்டு மேல் தட்டில் வைத்துவிடுவேன், கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் எனக்கு என் மேலேயே நம்பிக்கை கிடையாது.

மதியத் தூக்கத்துக்கு முன்பெல்லாம் வெட்கப்படுவேன், யாராவது வந்தால் முகத்தைக் கழுவிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்த மாதிரி வருவேன். இந்த ஊர் வெயிலுக்குப் பழைய கடைக்காரர்கள் பல பேர் மதியம் பலகையைச் சாத்திவிட்டுச் சாப்பிட்டுப் படுத்து எழுந்துதான் வருவார்கள், அவர்களை யாரும் சோம்பேறி என்று சொன்னதில்லை. அதனால் அட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்டேன்: மதியம் 2 முதல் 4 வரை தையல் கிடையாது. எழுதினதைப் படிக்கிறவர்கள் படிக்கிறார்கள். மைனி அட்டையைத் தள்ளிவிட்டுக் கதவைத் தட்டுகிறார்கள்.

நாலு மணிக்கு மேல்தான் மெஷின். எனக்கு இருந்த நிஜமான எதிரி நூல் மாற்றுகிற சோம்பல் என்பதை இந்த வயதில் கண்டுபிடித்தேன். ஒரு ஜாக்கெட் முடிந்ததும் மேல் நூலைக் கழற்றி, அடுத்த நிறத்துக்கு உருண்டையைத் தேடி, பாபின் சுற்றி, ஊசியில் கோத்து, தேவையானால் பட்டுக்கு 11ஆம் நம்பர் ஊசி, காட்டனுக்கு 14ஆம் நம்பர் என்று மாற்றி, ஓரத் துணியில் அடித்துப் பார்த்து… களைத்த உடம்புக்கு இந்த இடைவெளிதான் ஆபத்து, கோக்கப் போனவள் போனைப் பார்ப்பேன், போனைப் பார்த்தவள் படுப்பேன். இப்போது தேதி வரிசையை ஒரு வாரத்துக்குள் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளி நிறம் பார்த்து அடுக்குகிறேன். திங்கட்கிழமை அரக்கு, சிவப்பு. செவ்வாய்க்கிழமை கத்திரி கிடையாது (அக்கா உபயம்), மெஷினும் கிடையாது, ஊக்கும் எம்மிங்கும் அயர்னும்தான். புதன் பச்சை. இப்படி. ஒரே நூலில் மூன்று ஜாக்கெட் கடகடவென்று ஓடும்போது களைப்பு எங்கே போனது என்று தெரியாது.

அதைவிட உதவினது இன்னொன்று, எதேச்சையாக நடந்தது. ஒரு நாள் ராத்திரி ஜாக்கெட்டின் தோள் தையல் பாதி அடித்திருக்கும்போது கரண்ட் போய்விட்டது. ஊசி துணிக்குள்ளேயே இறங்கியபடி நின்றது, அப்படியே விட்டுவிட்டுப் படுத்தேன். மறுநாள் சாயங்காலம் உட்கார்ந்ததும் யோசிக்க ஒன்றுமே இல்லை, பெடலை அழுத்தினேன், மீதித் தோள் ஓடியது, ஓடின சூட்டில் அடுத்த தோளும் முடிந்தது. அன்றிலிருந்து வேண்டுமென்றே ஒரு தையலைப் பாதியில் விட்டுத்தான் எழுந்திருக்கிறேன். துணியை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் ஃபுட்டைத் தூக்கிவிடச் சொல்வார்கள் மெக்கானிக்குகள், துணியில் தடம் விழும் என்று. பட்டாக இருந்தால் மட்டும் தூக்கிவிடுகிறேன்.

கைவேலையில் பாதியைப் பக்கத்து வீட்டு ஆச்சிக்குக் கொடுத்துவிட்டேன், ஜாக்கெட்டுக்கு 25 ரூபாய். ஆச்சி ஊக்கு கட்டினால் ஜாக்கெட் கிழிந்தாலும் ஊக்கு போகாது. கூலியையும் 50 ரூபாய் ஏற்றினேன், ஒருவர்கூடக் கேட்கவில்லை, இதை நாலு வருஷம் முன்பே செய்திருக்கலாம்.

இடையில் ரெண்டு நாள் மறுபடி விழுந்தேன். காரணம் ஒன்றும் இல்லை. காலையில் லைனிங்கூட முக்கவில்லை, போர்வையை மெஷின் மேலே போட்டேன், மத்தியானம் வரை சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். முன்பென்றால் அந்த ரெண்டு நாள் பத்து நாளாகியிருக்கும். இந்தத் தடவை அன்றைக்குத் தர வேண்டிய மூன்று பேருக்கும் காலையிலேயே போன் போட்டு, முடியவில்லை, வெள்ளிக்கிழமை என்றேன். வெள்ளிக்கிழமை கொடுத்தேன். 'நாளைக்கு' என்று சொல்லாமல் கிழமையைச் சொல்கிறபோது எனக்கே கொஞ்சம் பயம் வருகிறது, அந்தப் பயம் ஒரு அளவுக்கு நல்லதுதான் போலிருக்கிறது.

கல்யாணம் போன வாரம் முடிந்தது. போயிருந்தேன். நெட்டுக் கையும் அரக்குப் பார்டருமாக மேடையில் நின்றாள், ஃபோட்டோவில் இன்னும் நன்றாகத்தான் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "இந்தக் கை டிசைன் யாரு தச்சது?" என்று கேட்டு என் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்கள், அந்தக் கதையை நான் அவர்களிடம் சொல்லவில்லை. அவர்கள் மகளுக்கும் பங்குனி முடிந்து சித்திரையில் முகூர்த்தமாம், துணி கொண்டு வருகிறேன் என்றார்கள். புதன்கிழமை வாங்க, நாலு மணிக்கு மேலே வாங்க என்றேன்.

இப்போது மணி ஒன்பதரை. பச்சை நூல் போட்டாயிற்று, ஒரு கழுத்துப் பட்டி பாதியில் நிற்கிறது. பாபினில் நூல் கொஞ்சம்தான் இருக்கிறது, அதை மட்டும் சுற்றி வைத்துவிட்டுப் படுக்கணும்.